பெடலில் பூட்டிய கால்

காரைக்குடி
மார்ச் 8

அன்புள்ள அலமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பேத்தி பிறந்த செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம அலமு ஆயாவாயிட்டாளா" என்று கேட்டாள். மறுநாள் காலையிலும் அதையே கேட்டாள். மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் எழுது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "காலைப் பெடலோடு பூட்டிக்கொண்டு ஓட்டுகிறாயாமே, இந்த வயசில் எதுக்குடி இந்த வேலை?" என்று. யாரோ உனக்குப் பாதிச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று காலை சைக்கிள் ஓட்டுவது உனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்த மகன் பெங்களூரில் தான் ஓட்டிய பழைய பெடல்களைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு பக்கம் நாம் எப்போதும் மிதிக்கிற தட்டை. மறுபக்கம் சிறிய கொக்கி, அதில் ஒரு ஸ்பிரிங். அதற்கென்று தனி ஷூ உண்டு. அடியில் பெருவிரல் அகலத்துக்கு ஓர் உலோகத் துண்டு, இரண்டு திருகு போட்டு இறுக்கியிருக்கும். அதைக் கிளீட் என்கிறார்கள். கிளீட்டின் மூக்கை முன்பக்கம் நுழைத்து மிதித்தால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். அப்புறம் காலை மேலே தூக்கினால் வராது. பின்னால் இழுத்தாலும் வராது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும்.

இந்தப் பெடலின் பெயர் 'கிளிப்லெஸ்'. காலைப் பூட்டுகிற பெடலுக்குக் கிளிப் இல்லாதது என்று ஏன் பெயர் என்று நானும் குழம்பினேன். முன்காலத்துப் பந்தயக்காரர்கள் பெடலின் முன்னால் ஒரு கம்பிக் கூடு வைத்து, அதற்குள் காலை நுழைத்து வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். அது இல்லாமலே கால் நிற்பதால் இது கிளிப்லெஸ். பனிச்சறுக்குக் கட்டைகளில் காலைப் பூட்டுகிற முறையை 1984-இல் லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறுவருடமே அதைப் போட்டுக்கொண்டு பெர்னார்ட் இனோ டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தார். நடப்பதற்கும் தோதாக, கிளீட் ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் பதிந்திருக்கிற மாதிரி 1990-இல் ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனம் செய்தது எஸ்.பி.டி. என்னிடம் இருப்பது அந்த வகைதான்.

நம் தெரு முனைக் கடையில்தான் மாட்டினேன். கடைக்காரர் இந்தப் பெடலை முதல்முறையாகப் பார்க்கிறார், ஆனால் கை தயங்கவில்லை. எந்த சைக்கிளானாலும் இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாக இருக்கும், வலது பெடலைக் கழற்றுகிற மாதிரி திருப்பினால் இன்னும் இறுகும் என்று அவர்தான் காட்டினார். மரைக்குக் கிரீஸ் தடவி மாட்டிக் கொடுத்தார். இத்தனை வருடம் ஓட்டியும் இது எனக்குத் தெரியாது, அலமு.

பழகியது எங்கே தெரியுமா? எங்கள் வீட்டுக்கு எதிரே பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு ஒன்று உண்டு. உடையவர்கள் எல்லாம் சென்னையிலும் வெளிநாட்டிலும். வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி மட்டும் காலையில் வந்து வாசல் தெளித்துவிட்டுப் போவார். அந்தத் திண்ணையை ஒட்டி சைக்கிளை நிறுத்தி, தூணைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருவேன். வலது கால் மாட்டு, கழற்று. ஐம்பது தடவை. அப்புறம் இடது கால் ஐம்பது. கொக்கியின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் பெடலிலேயே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. ஆலன் கீ என்கிற ஆறு பட்டைச் சாவி போட்டு அதைக் குறைந்த அளவுக்குத் தளர்த்திக்கொண்டேன். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மூன்றாம் நாள் ஆச்சி கோலப்பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தார். "மாட்டுறது பெருசில்ல ஆத்தா, கழட்டத் தெரியணும்" என்றார். அவர் சைக்கிளே ஏறாதவர். ஆனால் விஷயம் முழுவதும் அதில் இருந்தது.

தூணைப் பிடித்திருக்கும்போது கால் சொன்னபடி கேட்கிறது. ரோட்டில் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து செக்காலை ரோட்டுப் பக்கம் போனேன். டீக்கடை வாசலில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது. இத்தனை வருடம் பழகிய கால், அது பழகியபடியே நேராக மேலே எழும்பப் பார்த்தது. பெடல் விடவில்லை. நின்ற இடத்தில் அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்தேன். வேகமே இல்லாத விழுகை அது. விழப்போகிறோம் என்று தெரிகிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை. இடுப்பிலும் முழங்கையிலும் நல்ல அடி. டீக்கடையில் இருந்த இரண்டு பேர் ஓடி வந்து சைக்கிளோடு என்னையும் சேர்த்துத் தூக்கினார்கள். கால் இன்னும் பெடலில்தான் இருந்தது.

இரண்டாவது தடவை வேறு மாதிரி. இடது காலை முன்னாடியே கழற்றிவிட்டேன், சரியாகத்தான் கழற்றினேன். ஆனால் சைக்கிள் வலது பக்கம் சாய்ந்துவிட்டது. கழற்றிய கால் ஒரு பக்கம், விழுகிற பக்கம் வேறு. அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். மறுநாள் ஊருணிக்கரைச் செம்மண் பொட்டலில் மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் பிடிபட்டது. நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஹேண்டிலை ஒரு விரல்கடை வலப்புறம் திருப்பினால் உடம்பு தானாக இடப்புறம் சாய்கிறது. ஊன்ற வேண்டிய கால் பக்கமே பாரம் வந்துவிடுகிறது. கழற்றுகிற நேரத்தில் அந்தப் பெடல் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் குதிகால் சுலபமாகத் திரும்பும். எல்லாவற்றையும் விட, பிரேக்குக்கு முன்னால் கால். நிற்கலாமா என்று மனதில் ஒரு நினைப்பு ஓடினாலே கழற்றிவிடுவது. நிற்காமல் போனால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இப்போது வேகத்தடை, பள்ளிக்கூட வாசல், ரோட்டோரம் படுத்திருக்கிற மாடு, எதைக் கண்டாலும் இடது கால் தானாகத் திரும்பிவிடுகிறது. நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் முழங்கால் வலி வந்தது. இதை நீ கவனமாகப் படி, உனக்கும் முட்டி வலி உண்டு. மூன்றாவது வாரம் இடது முட்டியின் உட்பக்கம் ஒரு குத்தல். வயசு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். மகனிடம் போனில் சொன்னபோது, மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொன்னான். பார்த்தால் என் இடது பாதம் நேராக இல்லை, விரல்கள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கின்றன. பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறேன் போலிருக்கிறது. கிளீட்டோ ஷூவில் நேராக இறுக்கியிருந்தது. பூட்டிய பிறகும் குதிகால் சில டிகிரி அசைய இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் எனக்கு அது போதவில்லை. நிமிஷத்துக்கு எழுபது எண்பது சுற்று, ஒரு மணி நேரம் என்றால் நாலாயிரம் தடவைக்கு மேல் முட்டி தப்பான பக்கம் முறுக்கப்பட்டிருக்கிறது. பழைய இடம் தெரிய பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, கிளீட்டைக் கொஞ்சம் திருப்பி, பெருவிரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு மேடு பெடல் அச்சுக்கு மேலே வருகிற மாதிரி தள்ளி இறுக்கினேன். ஒரு வாரத்தில் குத்தல் போய்விட்டது. தட்டைப் பெடலில் கால் தனக்கு வசதியான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். பூட்டிய காலுக்கு அந்த வசதி இல்லை, இடத்தை நாம்தான் பார்த்து வைக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த இரண்டு திருகுகளையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஒன்று கழன்று விழுந்துவிட்டால், குதிகாலைத் திருப்பும்போது கிளீட் ஷூவின் அடியில் தானே சுழலும், கொக்கி விடாது. எனக்கு அப்படி நேரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆலன் கீயோடு உட்கார்ந்துவிடுகிறேன்.

இதனால் வேகம் கூடியதா என்று கேட்பாய். பெரிதாக இல்லை. பெடலை மேலே இழுத்தும் ஓட்டலாம், இரட்டிப்புப் பலம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கண்ட லாபம் வேறு. கால் வழுக்குவதில்லை. மழை பெய்து நனைந்த பெடலிலும், பெயர்ந்து கிடக்கிற ரோட்டிலும் பாதம் வைத்த இடத்தில் இருக்கிறது. காலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அந்த நினைப்பு விட்டுப்போனதும் மூச்சும் சுற்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. நம் பாட்டு டீச்சர் தாளம் தப்பாமல் தொடையில் தட்டிக்கொண்டே பேசுவாரே, அந்த மாதிரி.

போன மாதம் குன்றக்குடி வரைக்கும் போய் வந்தேன். போக சுமார் பத்து கிலோமீட்டர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் போகிற அதே வழிதான், ஆனால் கூட்டம் ஓய்ந்துவிட்ட சமயம். இருட்டு விலகுவதற்கு முன்னால் கிளம்பினேன். ரோட்டின் இரண்டு பக்கமும் காய்ந்த செம்மண் வாசனை. மலை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் இரண்டே இடத்தில்தான் கால் ஊன்றினேன். அடிவாரத்தில் இறங்கி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சண்முகநாதரைப் பார்க்கப் படி ஏறினேன். கீழே வந்து டீ குடித்தபோது உன் நினைப்பு வந்தது.

இன்று என்ன தேதி என்று பார்த்தாயா? 1992-இல் இதே மார்ச் 8 அன்றுதான் புதுக்கோட்டையில் 1,500 பெண்கள் ஹேண்டிலில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு சைக்கிளில் வந்தார்கள். அறிவொளி இயக்கத்துப் பெண்கள். நாம் போகவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை இருக்கிறதென்று வீட்டில் விடவில்லை. மறுநாள் அவர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு நீ அழுதாய். எழுதப் படிக்கச் சொல்லித்தர வந்த இயக்கம் சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தது அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சி. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே எத்தனையோ பெண்கள் பழகினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பரீட்சை முடிந்த அந்தக் கோடையில்தானே இராயவரத்தில் நாம் பழகினோம். உன் அண்ணன் சைக்கிள். பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகுகிற வயசு நமக்குத் தாண்டிவிட்டது, தாவணி வேறு. நீ இரண்டே நாளில் பழகிவிட்டாய். எனக்கு வரவில்லை. பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "விட மாட்டேன், விட மாட்டேன்" என்று கத்திக்கொண்டே ஊருணியைச் சுற்றி ஓடி வந்தாய். சொன்ன சொல்படி கடைசி வரைக்கும் விடவில்லை. நான் விழுந்தபோது நீயும் சேர்ந்து விழுந்தாய். உன் மோவாயில் இருக்கிற தழும்பு அன்றையது. அந்தக் கை பின்னால் இருந்ததால்தான் மறுநாள் நான் மறுபடி ஏறினேன்.

கல்யாணமாகிப் போன பிறகு நீ ஓட்டுவதை விட்டுவிட்டாய். ஏன் என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. என்னைவிட நன்றாக ஓட்டியவள் நீ. உன் கடிதத்தில் "இந்த வயசில்" என்ற வார்த்தை வந்ததும் எனக்கு அதுதான் உறுத்தியது. உனக்கும் எனக்கும் ஒரே வயசுதானே, அலமு.

மாசி-பங்குனித் திருவிழா நெருங்குகிறது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் பார்க்க எப்படியும் வருவாய். அந்த நாட்களில் ஊருக்குள் ஓட்ட முடியாது, கூட்டம் கூட்டம்தான். திருவிழா முடிந்தும் நாலு நாள் கூட இரு. பேத்தியை உன் சம்பந்தி பார்த்துக்கொள்வார். என் பழைய சைக்கிளை நல்ல நிலையில் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் தட்டைப் பக்கமே மிதி. கால் சுழற்சி மட்டும் ஞாபகம் வந்தால் போதும். அப்புறம் உனக்கு வேறு கிளீட் போட்டுத் தருகிறேன். எஸ்.எச். 56 என்று ஒன்று இருக்கிறது, வெள்ளி நிறம். குதிகாலை எந்தப் பக்கம் திருப்பினாலும் விடும், பதறி மேலே இழுத்தாலும் விடும். எனக்கு வந்தது கறுப்பு நிற 51, வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடுகிற வகை. இது முன்னாடியே தெரிந்திருந்தால் டீக்கடை வாசலில் விழுந்திருக்க மாட்டேன்.

எதிர்வீட்டுத் திண்ணைத் தூண் இருக்கிறது. ஆச்சியிடம் நீ வருவதாகச் சொல்லிவிட்டேன். ஊருணிக்கரையில் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறேன்.

பதில் எழுதும்போது உன் ஷூ அளவை மறக்காமல் எழுது. ஒரு தாளில் இரண்டு பாதத்தையும் வைத்து பென்சிலால் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது. சாயங்காலத்தில் வரைந்துகொள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்த அளவுதான் சரியாக இருக்கும்.

உன்
மீனாள்