பர்ட்டன் மாலைக்குத் தோள்கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கிட்டார் பழகும் பிள்ளைகளுக்காக, அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டனின் வாசிப்பைக் கேட்டுப் பேசும் மாலை ஒன்றை நடத்தினோம். நல்லபடியாக முடிந்தது. மைக் என் கையில் இருந்ததால் பாராட்டெல்லாம் என்னிடமே வந்துகொண்டிருக்கிறது. அது நியாயமில்லை. யார் என்ன செய்தார்கள் என்பதை எல்லோரும் அறிய எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, தன் டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டிய அண்ணனுக்கு. பாடகர் ரிக்கி நெல்சன் 1961-இல் பாடிய 'ஹலோ மேரி லூ'வில் பர்ட்டன் வாசிக்கும் சோலோ, அதாவது தனி வாசிப்பு, மிகச் சின்னது. அதை அண்ணன் முதலில் வேகமாக வாசித்தார், பிறகு ஒவ்வொரு சுரமாகப் பிரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தந்தியை மீட்டும் தட்டையான வில்லை (பிளாட் பிக்), நடுவிரலில் மோதிரம்போல மாட்டிய இன்னொரு மீட்டி (ஃபிங்கர் பிக்). இரண்டும் மாறி மாறித் தந்தியைத் தொடும்போது, உடனுக்குடன் அடக்கப்பட்ட சுரங்கள் கோழி கொக்கரிப்பதுபோலத் தெறிக்கும். 'சிக்கன் பிக்கிங்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். அப்புறம் தந்தி விஷயம். அந்தக் காலத்துக் கிட்டார் தந்திகள் தடிமனானவை, அவற்றை வளைப்பது பெரும்பாடு. பர்ட்டன் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் மாட்டி, தந்தியின்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரின் குழைவை விரலாலேயே இழுத்து வரவழைத்தார். அண்ணன் இதற்காகவே முந்தின இரவு உட்கார்ந்து தந்திகளை மாற்றியிருக்கிறார். யாரும் கேட்காமல் செய்த வேலை அது. அண்ணே, ரொம்ப நன்றி.

இசைத்தட்டுகளைத் தந்து உதவிய ஐயாவுக்கு அடுத்த நன்றி. அவர் சேகரிப்பு இல்லையென்றால், பர்ட்டன் ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னால் நின்று வாசித்தவர் என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். எல்விஸோடு இருந்தது உண்மைதான். 1969-இல் லாஸ் வேகாஸ் மேடையில் தொடங்கி 1977-இல் எல்விஸ் இறக்கும்வரை அவருடைய குழுவின் முதன்மைக் கிட்டார் பர்ட்டனுடையது. ஆனால் ஐயா கொண்டுவந்த தட்டுகளில் பர்ட்டன் வாசித்துக் கொடுத்த வேறு பாடகர்களும் இருந்தார்கள்: மெர்ல் ஹாகர்ட் இருந்தார், கிராம் பார்சன்ஸ் இருந்தார், எம்மிலூ ஹாரிஸ் இருந்தார். எல்விஸுக்குப் பிறகு பாடகர் ஜான் டென்வரோடு பல ஆண்டுகள். கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி), ராக் என்று இசையைக் கடைக்காரர்தான் தனித்தனி அலமாரியில் வைக்கிறார், பர்ட்டனின் கைக்கு அந்தப் பிரிவினையே கிடையாது என்று ஐயா சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட்டில் வளர்ந்தவருக்கு அது இயல்பாகவே வந்திருக்கும். அந்த ஊரின் 'லூசியானா ஹேரைட்' வானொலி நிகழ்ச்சியில் சிறுவயதிலேயே வாசித்தவர். அதே நிகழ்ச்சியின் மேடையில்தான் 1954-இல் எல்விஸும் வந்து பாடினார்.

அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் குறிப்புகளைப் படித்துவிட்டு, "பாட்டு பாட்டா சொல்லிட்டுப் போறியே, அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு சொல்ல மாட்டியா?" என்று கேட்டவர் அவர்தான். அந்தக் கேள்வியால்தான் 'சூசி க்யூ' என்ற பாட்டு எங்கள் மாலையின் நடுவுக்கு வந்தது. 1957-இல் டேல் ஹாக்கின்ஸ் பாடி வெளியான பாட்டு அது. அதைத் தூக்கி நிறுத்துவது ஆரம்பத்தில் வரும் அந்தக் கிட்டார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு. வாசித்த பர்ட்டனுக்கு அப்போது 18 வயதுகூட ஆகவில்லை. பாடலை இயற்றியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பதினோரு ஆண்டு கழித்து கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற ராக் குழு அதைத் திரும்பப் பாடி வெளியிட்டபோது உலகமே முணுமுணுத்ததும் அந்த ரிஃபைத்தான். இதைச் சொன்னதும் அரங்கு அமைதியானது. இன்று ரெக்கார்டிங்குக்குப் போகும் பிள்ளைகள், வாசிப்பதற்கு முன்பே யார் பெயர் எங்கே வரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அக்கா கேட்காமலிருந்தால் இதை நான் சொல்லியே இருக்க மாட்டேன்.

பக்கவாத்தியக்காரர்களுக்கென்று, ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தனிப் பிரிவு தொடங்கியதே 2000-இல்தான். மறு ஆண்டே பர்ட்டனைச் சேர்த்தார்கள். மேடையேறி அவரை வரவேற்றவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ். இந்தத் தகவலைச் சொன்னபோது முதல் வரிசையில் எழுந்து கைதட்டிய தாத்தாவுக்கும் நன்றி. அவர் இளமையில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

இடம் தந்தவர்கள், ஸ்பீக்கரைச் சுமந்து வந்த தம்பிகள், டீயும் சுண்டலும் செய்து அனுப்பிய வீட்டார் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்னொருவர் தன்னைப் பற்றி எழுத வேண்டாம் என்றார். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பர்ட்டன் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கிப் பிள்ளைகளுக்குக் கிட்டார் கொடுத்துவருவதைப் பற்றிக் கடைசியில் பேசினேன். கூட்டம் கலைந்ததும் அவர் வந்து, வீட்டில் வாசிக்க ஆளில்லாமல் ஒரு கிட்டார் இருப்பதாகச் சொல்லி, மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அது இப்போது வகுப்பில் இருக்கிறது. சொந்தக் கிட்டார் இல்லாத பிள்ளைகள் வாரம் ஒருவராக வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பெயர் கொடுக்க அக்காவிடம் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் நண்பன்