வெண்புள்ளியை குஷ்டம்னு எழுதாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்துல மெலனோமாங்கிற தோல் கேன்சர் பத்தியும், அதுக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியையே தூண்டிவிடற இம்யூனோதெரபி வைத்தியம் பத்தியும் போட்டிருந்தீங்க, சந்தோஷம், ஆனா நடுவுல கட்டம் கட்டி "இந்த மருந்தால் வெண்குஷ்டம் வரும் ஆபத்து"ன்னு ஒரு வரி, அதைப் படிச்சிட்டு எங்க வீட்லயே ரெண்டு பேர் அப்படி ஒரு வைத்தியம் எதுக்குன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. முதல்ல அது குஷ்டமே இல்ல சார், வெண்புள்ளி, ஒட்டவும் ஒட்டாது. பேப்பர்லயே இப்படி வந்தா ஊர்ல பொண்ணு மாப்பிள்ளை பாக்கறவங்கள என்ன சொல்றது.

நான் டாக்டர் இல்ல, ப்ளஸ் டூ பசங்களுக்கு உயிரியல் நடத்தி ரிட்டயர் ஆனவன். தோலுக்கு கருப்பு குடுக்கற மெலனோசைட் செல் கெட்டுப்போறதுதான் மெலனோமா. நம்ம ரத்தத்துல இருக்கற, நோயை எதுத்து சண்டை போடற டி செல் எதை வச்சு அந்தக் கட்டிய அடையாளம் புடிக்குதுன்னு ரொம்ப நாள் பிடிபடல, 1991ல ப்ரஸ்ஸல்ஸ்ல தியரி பூன் குழு ஒரு மெலனோமா நோயாளியோட டி செல்லையே வச்சு மேஜ்-1ங்கிற ஆன்டிஜனோட, அதாவது டி செல் அடையாளம் புடிக்கற புரதத்தோட, ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் டைரோசினேஸ், மெலன்-ஏ, ஜிபி100ன்னு இதே மாதிரி அடையாளங்கள் வந்துச்சு. இந்த மூணும் கட்டிக்குன்னு தனியா உள்ளது இல்ல, நல்லா இருக்கற மெலனோசைட்லயும் இருக்கு. டி செல் கட்டிய அடிக்கப் போறப்ப அதே அடையாளம் இருக்கற நல்ல செல்லுக்கும் அடி விழுது, அந்த இடம் வெளுத்துடுது. இம்யூனோதெரபி எடுக்கற மெலனோமா நோயாளிங்கள்ல வெண்புள்ளி வந்தவங்க பொதுவா நல்லா தேறுறாங்கன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க. வந்தா குணம்னு கேரண்டி கிடையாது, வரலைன்னா மருந்து வேலை செய்யலன்னும் அர்த்தம் இல்ல, ஆனா நீங்க ஆபத்துன்னு போட்டது அனேகமா நல்ல சகுனம்.

அதே கட்டுரையில தடுப்பூசி போட்டா உடம்பே கேன்சரை பாத்துக்கும்ங்கிற மாதிரி எழுதியிருந்தீங்க, அவ்ளோ சுலபம் இல்லைங்க. 2010ல வெளியான ட்ரயல்ல, ஆபரேஷன் பண்ண முடியாத நிலைல இருந்த 676 பேர். ஜிபி100 வேக்சின் மட்டும் போட்ட குரூப்ல பாதிப் பேர் 6.4 மாசத்துக்குள்ள போயிட்டாங்க, இபிலிமுமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்து மட்டும் போட்டவங்களுக்கு அது 10.1 மாசம், ரெண்டும் சேத்து போட்டா 10.0. வேக்சினால ஒரு நாள்கூட கூடல. அடையாளத்தை காட்டிக்குடுத்தா பத்தாது, டி செல்லுக்கு சிடிஎல்ஏ-4னு ஒரு பிரேக் இருக்கு, அதை விடுவிக்கணும், இபிலிமுமாப் பண்றது அதைத்தான். இந்த மாதிரி பிரேக் ஆராய்ச்சிக்குத்தான் ஆலிசன், ஹோன்ஜோன்னு ரெண்டு விஞ்ஞானிங்களுக்கு 2018ல நோபல். இப்ப அவங்கவங்க கட்டியில இருக்கற மியூட்டேஷனை, அதாவது ஜீன் மாற்றத்தைப் பாத்து செய்யற எம்ஆர்என்ஏ வேக்சினைக்கூட பிரேக் எடுக்கற மருந்தோட சேத்துதான் சோதிக்கறாங்க.

அப்புறம் அந்தப் படம். வெள்ளைக்காரர் முதுகுல மச்சம். நம்ம நிறத்துக்காரங்களுக்கு மெலனோமா வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான், பாடகர் பாப் மார்லிக்கும் கால்விரல் நகத்துக்கு அடியில வந்து 1981ல 36 வயசுல போயிட்டார். வெயிலால வர்ற மெலனோமா அளவுக்கு இந்த வகையில மியூட்டேஷன் இருக்காது, டி செல் புடிக்கறதுக்கு அடையாளமும் கம்மி, அதனால இம்யூனோதெரபிக்கு இது அவ்வளவா மசியறதில்ல, சீக்கிரம் கண்டுபிடிச்சு வெட்டி எடுக்கறதுதான் உத்தமம். வர்ற ஞாயிறு அந்த வார்த்தைய திருத்திப் போடுங்க, கூடவே ஒரு உள்ளங்கால் படமும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்,
கும்பகோணம்