பொது அறிவிப்புகளின் தமிழில் மனிதர்களை மரியாதையாகக் குறிப்பிட ஒரு கையேடு வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தமிழ் வகுப்பு ஆசிரியர்களும் பெற்றோரும்,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
குவாசுலு-நட்டால்.

பெறுநர்:
தலைமை நிர்வாக அலுவலர் அவர்கள்,
அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியம்,
பிரிட்டோரியா.

பொருள்: மக்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் பாரபட்சமற்ற தமிழ்ச் சொற்களைப் பரிந்துரைக்கும் சிறு கையேடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த மனுவை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறோம்; ஆங்கிலப் படி தனியே இணைத்திருக்கிறோம். நமது அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு, 5-ஆம் உட்பிரிவு, இந்த நாட்டில் மதிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தப் பொறுப்பு உங்கள் வாரியத்திடம் இருக்கிறது. அதே தமிழ் பிற மனிதர்களை மதிக்கிறதா என்பதையும் வாரியம் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறோம்.

எங்கள் பகுதியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவுதான். ஆனாலும் உதவித்தொகை முகாம், தடுப்பூசி, தண்ணீர் நிறுத்தம் என எதுவானாலும் ஆங்கில அறிவிப்போடு நாலு வரி தமிழும் சேர்த்து வாட்ஸ்அப்பிலும் கோயில் பலகையிலும் போடும் பழக்கம் பரவி வருகிறது. மகிழ்ச்சிதான். சிக்கல் என்னவென்றால், அந்த நாலு வரியைக் கைப்பேசிச் செயலி எழுதுகிறது, அல்லது யாரோ ஒரு தன்னார்வலர் அவசரத்தில் எழுதுகிறார். ஆங்கிலத்தில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த மரியாதை, தமிழுக்கு வரும்போது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

ஒரு சுகாதார முகாமின் அறிவிப்பில் உடற்குறை உள்ளவர்களுக்குத் தனி வரிசை என்பது ஆங்கிலத்தில் பண்பாக இருந்தது. தமிழில் “நொண்டி, குருடு, செவிட்டு ஊமைகளுக்குத் தனி வரிசை” என்று வந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். காது கேளாத பிள்ளையை வகுப்புக்கு அழைத்து வரும் ஒரு தாய் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்; முகாமுக்குப் போகவில்லை.

அந்த “ஊமை” பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழி ஆனது. சைகை மொழியின் வளர்ச்சியும் தமிழுக்கான மரியாதையும் சாசனத்தில் ஒரே உட்பிரிவில்தான் வருகின்றன. நாட்டின் ஆட்சிமொழி ஒன்றை நாள் முழுக்கப் பேசுகிறவரை ஊமை என்று எழுதினால், தமிழ்தான் விவரம் தெரியாத மொழியாகத் தோன்றும். அதற்காகப் பளபளப்பான புதுச்சொற்களையும் நாங்கள் கேட்கவில்லை. “மாற்றுத்திறனாளி” தமிழ்நாட்டில் நன்றாக வேரூன்றிய சொல். ஆனால் எங்களிடம் பேசிய ஒருவர், “காது கேளாதவர் என்றே போடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம்” என்றார். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களைக் கேட்டு எழுதுவதே சரி.

அடுத்தது வினைமுற்று. இது ஆங்கிலத்தில் இல்லாத தொல்லை. “டாக்டர் வந்தார், தோட்டக்காரன் வந்தான், வேலைக்காரி வந்தாள்” என்று ஒரே பத்தியில் மூன்று மனிதர்களுக்கு மூன்று தரம் கொடுத்துவிடுகிறோம். பேரன் பேத்தி எடுத்த சூலு இன அம்மாக்களை “அந்தப் பொண்ணு” என்பதும், அறுபது வயது மனிதரை “தோட்டத்துப் பையன்” என்பதும் நிறவெறிக் காலத்து எஜமானர்களின் பேச்சு. அதை நாம் தமிழில் தொடர்ந்து கொண்டிருக்கிறோம். வேலையில் காயமடைந்தால் இழப்பீடு பெறும் உரிமை வீட்டுப் பணியாளருக்கும் உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை விளக்கும் துண்டறிக்கையே அவரை “வந்தாள்” என்று எழுதினால் எப்படி? பணியாளர் வந்தார் என்று எழுத ஒரு எழுத்துகூடச் செலவில்லை.

அப்புறம், நிறம். கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும், ஆங்கிலத்தில் “கே” (K) எழுத்தில் தொடங்கும் வசைச்சொல்லை இந்த நாடு முழுதாக உச்சரிப்பதில்லை. 2018-இல் ராண்ட்பர்க் நீதிமன்றம், ஒரு காவலரை அந்தச் சொல்லால் திட்டியவருக்குச் சிறைத்தண்டனையே விதித்தது. அந்தச் சொல்லுக்கு நெருங்கிய உறவான ஒன்று பழைய தமிழ் அகராதிகளில் இருக்கிறது. இங்கே எழுத மனமில்லை, தமிழாசிரியர்களுக்குத் தெரியும். சில பெரியவர்கள் அதை வெறும் ஊர்ப்பெயர் போல நினைத்துச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு அது அப்படி விழுவதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனை அடுத்து இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸில் கறுப்பினத்தவர் பலரின் உயிர்கள் போன பிறகு, எந்தச் சொல் எங்கே போய் முடியும் என்பதை எங்கள் வட்டாரத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. திருட்டுச் செய்தியில் திருடனின் இனம் எதற்கு? தேடப்படும் ஆளின் அடையாளம் சொல்ல வேண்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் அது வேண்டாம் என்று கையேட்டில் தெளிவாக எழுத வேண்டும். 1860-இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் வழிவந்த நாமும் “கூலி” என்ற வசையைத் தலைமுறைகளாகக் கேட்டவர்கள்தான்.

திருநங்கை, திருநம்பி போன்ற நல்ல சொற்கள் தமிழில் ஏற்கனவே புழங்குகின்றன. அவற்றைப் பயன்படுத்தினாலே போதும்.

ஆகவே வாரியத்தை நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பத்துப் பக்கத்துக்கு மிகாத ஒரு தமிழ்க் கையேட்டைத் தயாரியுங்கள். தயாரிக்கும் குழுவில் மொழி அறிஞர்கள் மட்டும் போதாது. சைகை மொழி பேசுபவர்கள், உடற்குறை உள்ளவர்கள், வீட்டுப் பணியாளர்கள், தமிழ் தெரிந்த கறுப்பின நண்பர்கள் எல்லாரும் இருக்க வேண்டும். அரசு அலுவலகங்கள் தமிழில் எதை வெளியிட்டாலும், செயலி தந்ததை அப்படியே அச்சிடாமல், தமிழ் தெரிந்த ஒருவர் ஒருமுறை வாசித்த பிறகே வெளியிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பப் பரிந்துரையுங்கள். அதுவரை வாசித்துத் தரும் வேலையை எங்கள் ஆசிரியர்கள் ஊதியமின்றிச் செய்யத் தயார். வீட்டுக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. பொதுப்பணத்தில் அச்சாகும் தமிழைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

இதுபற்றி நேரில் பேச எங்கள் சார்பில் மூவர் வரத் தயாராக இருக்கிறோம். டர்பனிலோ பிரிட்டோரியாவிலோ, உங்களுக்கு வசதியான நாளைத் தெரிவித்தால் போதும். அந்தச் சந்திப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருக்க ஏற்பாடு செய்யும்படி வேண்டுகிறோம். எங்களில் ஒருவருக்கு அவர் தேவைப்படுகிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ் வகுப்பு ஆசிரியர்களும் பெற்றோரும்,
சாட்ஸ்வொர்த்.

இணைப்பு: மனுவின் ஆங்கிலப் படி, கையொப்பத் தாள்கள், பெயர்கள் மறைக்கப்பட்ட மாதிரி அறிவிப்புகள்.