அடுத்த ஆமை சீசனுக்கு நான் வரலைக்கா

அக்கா,

மெயில் பார்த்திருப்பீங்க. அதுல "சொந்தக் காரணங்கள்"னு போட்டது ஆஃபீஸுக்காக. உங்ககிட்ட போன்ல சொல்லலாம்தான், ஆனா நீங்க ரெண்டு வார்த்தை பேசினா நான் மறுபடி போட்ல ஏறிருவேன், அதான் இங்க எழுதுறேன். கடைசி நேரத்துல சொல்றதுக்கு சாரி. முன்னாடியே சொல்லியிருந்தா மட்டும் விட்டிருப்பீங்களா?

அந்த லீவு நாள்தான் ஞாபகம் வந்துட்டே இருக்கு. குறிப்பு எழுதுற ஸ்லேட், அளக்குற டேப் எதையும் தொடக்கூடாது, சும்மா தீவைச் சுத்தி வருவோம்னு சொன்னது நீங்க. நான் வெள்ளை மணலைப் பார்த்து உருகிட்டு இருந்தப்ப, இதுல நிறைய கிளிமீன் பவளத்தைக் கடிச்சு அரைச்சு பின்னாடி விட்டதுதான்னு சொல்லிக் கெடுத்தீங்க. அப்புறம் வீட்டுக்குன்னு எடுத்த பெரிய சங்கை என்னவோ தோணித் திரும்பக் கீழ வெச்சீங்க. காலிச் சங்குல குடியிருக்குற ஹெர்மிட் நண்டு ஒண்ணு வந்து காலை உள்ள விட்டு அளந்து பார்த்துச்சு, சைஸ் பெருசு, ஆனாலும் போகாம பக்கத்துலயே உக்காந்துச்சு, அப்புறம் இன்னொண்ணு, அதைவிடச் சின்னதா ஒண்ணு, எல்லாம் சைஸ் வாரியா ஒண்ணைப் புடிச்சுட்டு ஒண்ணு வரிசைல. எவ்ளோ நேரம் காஞ்சோம்! கடைசியா குண்டு நண்டு வந்து சங்குக்குள்ள போனதும் மத்ததெல்லாம் படபடன்னு மாறிக்கிச்சு, ஓட்டை விழுந்த குட்டிச் சங்கு ஒண்ணுதான் மிச்சம். என் கையை இறுக்கிப் புடிச்சிருந்தீங்க. இதை வெச்சு உவமை எல்லாம் சொல்லப் போறதில்ல, உங்களுக்கு ஆகாது.

திரும்புற வழில ஆமைத் தடம். ரெண்டு முன் துடுப்புக் காலையும் ஒண்ணா போட்டு இழுத்திருக்கு, அழுங்காமைன்னா மாத்தி மாத்திப் போடும், இது பேராமைன்னு சொன்னது நான். லீவாவது ஒண்ணாவது, உடனே காலடி வெச்சு அளக்க ஆரம்பிச்சுட்டீங்க. அந்தத் தடத்தை வெச்சுப் பார்த்த முட்டைக் கூடு அப்புறம் யார் பேர்ல எங்க வந்துச்சுன்னு இங்க எழுத மாட்டேன், படிக்கிறவங்க யாருன்னு தெரியும். ஆனா அதைப் பத்திப் பேசின மீட்டிங்ல நீங்க என் பக்கத்து சேர்ல இருந்தீங்கக்கா. தண்ணி பாட்டிலைத் திறந்து மூடிட்டு இருந்தீங்க.

உங்களுக்கும் வேலை முக்கியம், புரியுது. புரியறதால கோபம் குறையல.

முதுகு வலிக்கு டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க. எந்த ஆமைன்னு அடையாளம் பார்க்க எடுத்த முகம் போட்டோ எல்லாம் டிரைவ்ல இருக்கு, இடது கன்னம் வலது கன்னம் தனித்தனியா, செதில் அமைப்பு ரெண்டு பக்கமும் வேறன்னு புதுசா வர்றவங்ககிட்ட சொல்லிருங்க. யார் எடுத்ததுன்னு போடுறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.