ஊருணி வரத்துக்கால் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஊருணிக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலைத் திறந்து, ஊருணியையும் சீராக்கும் வேலை முடிந்துவிட்டது. ஐப்பசி மழையில் ஊருணிக்குத் தண்ணீரும் வந்து, அடிப்படிகள் எல்லாம் முங்கி நிற்கின்றன. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து ரசீதுகளோடு கமிட்டி அறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். பார்த்தவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஊருணி வேலைன்னு வசூல் பண்ணிட்டு, முக்கால்வாசிப் பணத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கீங்களே?" கேள்வி சரிதான். அதனால் அந்தப் பக்கத்துக் கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

செட்டிநாட்டில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் ஊர் அமைத்தார்கள். தெருவைச் சரிவு பார்த்துப் போட்டார்கள். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், விழுந்த மழை அண்டாவுக்குப் போனது போக, மிச்சம் வாய்க்கால் பிடித்து ஊருணிக்குப் போனது. 2009-இல் காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரத் தொடங்கியதும் குடத்தோடு படியிறங்குகிறவர்கள் குறைந்தார்கள். கரையில் சீமைக்கருவேலம் ஏறியது. அப்புறம் மேற்கே மானாவாரி நிலங்கள் பிளாட் ஆயின. பிளாட் போடுவதற்கு நாங்கள் எதிரிகள் அல்ல. கமிட்டியிலேயே இரண்டு பேர் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஆனால் ஒரு லேஅவுட்டில் வரத்துக்கால் மேலேயே கிராவல் அடித்து ரோடு போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர், இங்கே ஊருணி காய்ந்து கிடக்கும். இரண்டும் ஒரே கோளாறு என்று ஊருக்குப் புரியவே நாலு மழைக்காலம் ஆனது.

லேஅவுட் போட்டவர்களிடம் கேட்கப் போனபோது, வரன்முறை செய்தாகிவிட்டது, அதாவது அங்கீகாரமில்லாத மனைக்கு அரசு பின்னால் அங்கீகாரம் கொடுத்துவிட்டது என்று சீட்டைக் காட்டினார்கள். 2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகு, 2017-இல் வந்த வரன்முறை விதிகளின்படி வாங்கிய சீட்டு. அந்த விதிகளிலேயே நீர்வழியை வரன்முறை செய்ய இடம் கிடையாது. நில அளவை வரைபடமான புலப்படத்தையும், நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறை 'அ' பதிவேட்டையும் நகல் எடுத்தோம். 'வாய்க்கால் புறம்போக்கு' என்று தெளிவாக இருந்தது. இதில் எங்கள் தவறும் ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி மனு மேல் மனு போட்டுச் சில மாதங்களை வீணாக்கினோம். அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கான சட்டம். நம் ஊருணி பேரூராட்சிக்கு உட்பட்டது. இதற்குக் கை கொடுப்பது 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான். முதலில் 7-ஆவது பிரிவில் நோட்டீஸ், அதற்குப் பிறகு 6-ஆவது பிரிவில் அகற்றம். மனுவை மாற்றி எழுதிய பிறகுதான் சர்வேயர் சங்கிலியோடு வந்தார்.

கால்வாய் திறந்ததும் ரோட்டுக்கு அடியில் எதைப் போடுவது என்று சண்டை. ஹியூம் பைப் என்கிற வட்டக் கான்கிரீட் குழாய் போட்டால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். முதல் மழையிலேயே பால் கவரும் தெர்மகோலும் அடைத்தால் யார் உள்ளே கை விடுவது? ஆள் குனிந்து நுழைந்து மண்வெட்டி போடுகிற அளவுக்கு பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம்தான் என்று முடிவு செய்தோம். அதன் வாயில் கம்பிவலை. தண்ணீர் ஊருணியில் விழுவதற்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி. பணம் போனது இங்கேதான். நடைபாதை, கலர் விளக்கு, செல்ஃபி பாயின்ட் எல்லாம் கேட்டார்கள். தண்ணீர் இல்லாத பள்ளத்தைச் சுற்றி நடக்க எதற்கு டைல்ஸ்?

ஊருணிக்குள் செய்தது கொஞ்சம்தான். வட்டாட்சியர் அனுமதி வாங்கித் தூர்வாரியதில் கிடைத்த வண்டல் பக்கத்து வயல்களுக்குப் போனது. வடகிழக்கு மூலையில் அளவுக்குச்சி நடாமல் ஜேசிபியை விட்டுவிட்டோம். களிமண் படுகையைத் தாண்டிக் கிராவலைத் தொட்டுவிட்டது. அப்படியே விட்டிருந்தால் நிற்கிற தண்ணீரெல்லாம் கீழே இறங்கியிருக்கும். களிமண் கொண்டுவந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கினோம். கணக்கில் 'கூடுதல் மண்வேலை' என்று இருப்பது இதுதான்.

பெயர்ந்த செம்பாறாங்கல் படிகளை சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம் என்றார்கள். கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த காரையால்தான் ஒவ்வொரு கல்லையும் உட்கார வைத்தார். காய்ந்த பூச்சில் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பார். கோடு விழுந்தால் அன்றைக்குப் பக்கத்துக் கல்லில் கை வைக்க மாட்டார். இதனால் மூன்று வாரம் தள்ளிப்போனது. வேலையைப் பார்க்க வந்த ஓர் ஆச்சி, அளந்துகொண்டிருந்த இன்ஜினியர் தம்பியைப் பார்த்து, "குடிக்கிற ஊருணிப்பா, செருப்பைக் கழட்டிட்டு இறங்கு" என்றார். அன்றிலிருந்து ஜேசிபிக்காரர் உட்பட எல்லோருடைய செருப்பும் கரையில்தான் கிடந்தது. ஒரு வாய்க்கால் வேலைக்கு எதற்குத் 'திருப்பணி' என்று தலைப்பு என்று கேட்ட உறுப்பினருக்கும் இதுவே பதில்.

கம்பிவலைச் சாவி செயலாளர் வீட்டில் இருக்கிறது. வண்டல் தொட்டியை வருஷா வருஷம் புரட்டாசிக்குள் அள்ளியாக வேண்டும். தெருவுக்கு இரண்டு ஆள் பெயர் கொடுங்கள்.

பாக்கி ஒன்று இருக்கிறது. மூன்று வீடுகளின் குளியலறைத் தண்ணீர் இன்னும் வரத்துக்காலில்தான் விழுகிறது. இரண்டு வீட்டார் உறிஞ்சுகுழி தோண்டச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர் பார்க்கலாம் என்கிறார். பெயர் எழுதவில்லை, அவரும் சந்தா கட்டிய உறுப்பினர்தான், இந்த அறிக்கை அவர் வீட்டுக்கும் போகும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்