வரத்துக்காலில் ஒரு வலை

கார்த்திகை 3

அன்புள்ள மீனா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய உக்காரை வந்து சேர்ந்தது. நன்றி சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அயித்தைக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தம், ஆனால் நாம் ரகசியம் பேசினால் மட்டும் கேட்டுவிடுகிறது. மேலவீட்டு ஆச்சி மலேசியாவிலிருந்து வந்தார்கள். வீட்டை விற்றே தீருவேன் என்று ஒரு வாரம் சபதம் போட்டுவிட்டு, வழக்கம்போலப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிறந்த மூன்றாம் நாள் மூக்கைப் பார்த்துவிட்டு 'வக்கீல்தான்' என்றாயே, அந்தப் பிள்ளை இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தோடு நின்றுகொள்கிறேன் என்கிறான். வாதம் பண்ணுவதில் மட்டும் உன் ஜோசியம் பலித்திருக்கிறது. அவனுடைய அப்பச்சி, அதுதான் உன் அண்ணன், பத்து நாளாக அவனோடு பேசுவதில்லை. 'சோறு போட்டாச்சா கேளு', 'சாப்பிட்டேன்னு சொல்லுங்க' என்று இருவருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் ஒரு டச்சுக்காரனால் வந்தது. போயான் ஸ்லாட். 1994-ல் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் பிறந்தவன். நம் கடைசித் தம்பியைவிடச் சின்னவன், அதனால் அவர் இவர் என்று எழுத வரவில்லை. 16 வயதில் கிரீஸ் கடலில் முங்கியபோது மீனைவிடப் பிளாஸ்டிக் பைதான் அதிகம் கண்ணில் பட்டதாம். அதை மனசில் போட்டுக் குழப்பிக்கொண்டு, கடல் நீரோட்டமே குப்பையைக் கொண்டுவந்து சேர்க்கும்படி ஒரு மிதவைத் தடுப்பு போடலாம் என்று 2012-ல் ஒரு மேடையில் பேசினான். விண்வெளிப் பொறியியல் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு, சேர்த்து வைத்த 300 யூரோவோடு 2013-ல் 'தி ஓஷன் கிளீனப்' நிறுவனத்தைத் தொடங்கினான். என் மகனுக்கு இந்தக் கதையில் 'படிப்பை நிறுத்தி' என்ற இரண்டு சொல்தான் மனப்பாடம்.

எதிரியை எடைபோடலாம் என்றுதான் நானும் ராத்திரி ராத்திரி போனில் படிக்க ஆரம்பித்தேன். இவன் சொல்லாமல் விட்டதைப் பிடித்து மடக்கலாமே! மாட்டவும் செய்தது. அந்தப் பையன் 14 வயதில் 213 தண்ணீர் ராக்கெட்டுகளை ஒரே நேரத்தில் ஏவி கின்னஸ் சாதனை செய்தவன். படிப்பை விட்ட பிறகும் தனியாகத் திரியவில்லை. விஞ்ஞானிகள், பொறியாளர்கள் என்று ஒரு கூட்டத்தையே சேர்த்து, நடக்குமா நடக்காதா என்று 500 பக்கத்துக்கு மேல் ஆய்வறிக்கை எழுதி 2014-ல் வெளியிட்டான். அதைக் காட்டித்தான் 38,000 பேரிடம் 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினான். 'நீ முதலில் ரெக்கார்டு நோட்டை முடி' என்றேன். வக்கீல் வாயைத் திறக்கவில்லை. சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்த ஊரில் பிறந்துவிட்டு, விஞ்ஞானி ஆகப் படிப்பை விடுகிறேன் என்கிறாயே என்றும் ஒரு போடு போட்டேன்.

ஆனால் மீனா, அதற்குமேல் படித்ததில் நானே கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். அவரிடம் சொல்லிவிடாதே.

2018 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 600 மீட்டர் நீள மிதவைக் குழாயைக் கடலுக்கு இழுத்துப் போனார்கள். காற்றும் அலையும் குழாயைக் குப்பையைவிட வேகமாகத் தள்ளும், குப்பை உள்ளே மாட்டும் என்பது கணக்கு. நிஜத்தில் சில நேரம் குழாய் பின்தங்கியது, உள்ளே வந்த குப்பை அப்படியே வெளியே போய்விட்டது. டிசம்பர் கடைசியில் 18 மீட்டர் துண்டு தனியாக உடைந்தே போனது. உலகமே சிரித்தது. மறுவருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? வேகப்படுத்த முடியவில்லை என்றால் மெதுவாக்கிப் பார்ப்போம் என்று பாராசூட் மாதிரி ஒரு நங்கூரத்தைக் கட்டிவிட்டார்கள். தடுப்பு மெதுவாகப் போக, குப்பை பின்னாலிருந்து வந்து சேர்ந்தது. 2019 அக்டோபரில் பிடித்துக் காட்டிவிட்டான். இதைப் படித்தபோது மணி இரண்டு. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன்.

அதே மாதம் இன்னொன்றையும் கொண்டுவந்தான்: ஆற்றிலேயே குப்பையை மறிக்கிற, சூரிய ஒளியில் ஓடும் படகு. ஆறுகள் கடலில் கொட்டும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதம், ஆயிரத்துச் சொச்சம் ஆறுகள் வழியாகத்தான் போகிறது என்று 2021-ல் அவர்கள் ஆய்வே சொல்கிறது. பேரன் இதைக் கத்திச் சொல்ல, அயித்தை கேட்டுவிட்டு, 'துணிய அண்டாவுக்கு வாயில கட்டணுமா, வயித்துல கட்டணுமா?' என்றார்கள். உனக்கு ஞாபகம் இருக்குமே, முதல் மழையை முற்றம் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைக்குத்தான் தூம்புக்குக் கீழே அண்டா வைப்பார்கள், வாயில் வெள்ளைத்துணி கட்டி. அன்றைக்கு நம் இருவர் பாவாடையும் நனைந்து வாங்கிக்கட்டிக்கொண்டோமே.

அதில் பிடித்தது பிள்ளைக்கு வெறி. நம் ஊருணிக்கு வருகிற வரத்துக்காலின் குறுக்கே, பழைய வாட்டர் கேன் ஏழெட்டைத் தாம்புக்கயிற்றில் கோத்து, கீழே மாடிக் கொசுவலையைத் தொங்கவிட்டான். ஐப்பசியில் அந்தப் பேய்மழை பெய்த ராத்திரி, வேலிக்கருவைக் கிளையும் சருகும் வந்து வலையை அடைத்துக்கொள்ள, தண்ணீர் எதிர்த்து ஏறிப் பக்கத்து மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டது. விடியற்காலை மாட்டுக்காரர் வாசலில் நின்று கத்தினார். கேன் எல்லாம் ஊருணி நடுவில் வாத்து மாதிரி மிதந்தது. அவனுடைய அப்பச்சி பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

பிள்ளை மூன்று நாள் படுத்தே கிடந்தான். நான்தான் குவாதமாலா கதையைச் சொன்னேன். 2022-ல் அங்கே ஒரு ஆற்றில் ஸ்லாட் ஆட்கள் போட்ட வேலியின் அஸ்திவாரத்தை வெள்ளம் அரித்துவிட்டது. மறுவருஷம் வேறு மாதிரி தடுப்போடு திரும்பப் போய்ப் பிடித்தார்கள். 'நெஜமாவா ஆத்தா?' என்று எழுந்து உட்கார்ந்தான். நான் எந்தக் கட்சி என்று எனக்கே சந்தேகம்.

இப்போது வலையை நேராக மறிக்காமல் சாய்வாகக் கட்டி, கரையோரம் ஒதுக்குகிறான். சனி ஞாயிறு வந்து அள்ளுகிறான். போன வாரம் இரும்புக்கடைத் தராசில் நிறுத்தால் பதினொரு கிலோ. ஷாம்பு பாக்கெட், எண்ணெய்க் கவர், தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு. 2019-லிருந்து தடை செய்த பைகளும் சுகமாக வந்துகொண்டிருக்கின்றன.

அவனை மடக்க என்னிடம் கடைசியாக ஒரு அம்பு இருந்தது. ஸ்லாட்டின் வலையில் கடல் மேற்பரப்பில் மிதக்கிற சின்னஞ்சிறு உயிர்களும் மாட்டுமே என்று சில விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள், தெரியுமா என்றேன். 'படிச்சேன் ஆத்தா' என்றான். கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ஒரு பேசினில் அள்ளிய குப்பை ஊறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஷாம்பு பாக்கெட்டாகப் பிரித்து உதறுகிறான். உள்ளே தலைப்பிரட்டை. அதை என் டீ வடிகட்டியால் அள்ளி வாளியில் விடுகிறான், திரும்ப ஊருணியில் சேர்க்க. அந்த வடிகட்டியில் காலையில்தான் உன் அண்ணனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன் மீனா.

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, அப்புறம் கண் கலங்கிவிட்டது. இந்தப் பொறுமை புஸ்தகத்துக்கு முன்னால் ஏன் வரமாட்டேன் என்கிறது? ஒருவேளை நாம்தான் தப்பான இடத்தில் கட்டிப்போட்டிருக்கிறோமோ? அப்படியும் தோன்றுகிறது, அடுத்த நிமிஷம் ஃபீஸ் கட்டிய ரசீது ஞாபகம் வருகிறது.

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளக் கட்டாயம் இங்கே வந்துவிடு. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாய், நீ சொன்னால் கேட்பான். படிப்பை விடாதே என்று சொல், ஆனால் வலையை அவிழ்க்கச் சொல்லிவிடாதே. அவனுடைய அப்பச்சியிடமும் ஒரு வார்த்தை. நீ எதிரில் இருந்தால் அவரால் முறுக்கிக்கொண்டு இருக்க முடியாது, தேவகோட்டை பஸ் கதையை நீ எடுத்துவிடுவாய் என்ற பயம் இன்னும் இருக்கிறது.

வரும்போது ஒரு டீ வடிகட்டி வாங்கி வா. இரண்டாகவே வாங்கிவிடு.

உன்,
வள்ளி