இன்னும் பெட்டி கட்டாதே

அன்பு மகளுக்கு,

"வீட்டு லீஸ் ஆகஸ்ட் 31ஆம் திகதி முடியுது அம்மா, வீட்டுக்காரர் புதுப்பிக்க மாட்டாராம், நான் வேற வீடு பார்க்கத் தொடங்கிட்டன்" என்று நேற்று நீ சொன்னபோது நான் அதிகம் கதைக்கவில்லை. நீ இரவு வேலை முடித்து வந்திருந்தாய், குரலே களைத்துப்போய் இருந்தது. அதனால்தான் விடிய எழும்பி எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி. வாசித்து முடிக்கும்வரை ஒரு பெட்டியும் கட்டாதே.

லீஸ் முடிந்தால் வீட்டை விடவேண்டும் என்று கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம் இல்லை, பிள்ளை. 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, அந்தத் திகதி வந்ததும் உன் குடியிருப்பு அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் தானாகவே தொடரும். புதுக் கையெழுத்து வேண்டாம். "புதுப்பிக்க மாட்டேன்" என்று அவர் ஈமெயில் அனுப்பினால், அது அவருடைய விருப்பத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். நீ மாறவேண்டும் என்று நினைத்தால் 60 நாள் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த முடிவு உன்னுடையது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு முழுவதும் சொன்னதில்லை. 1993இல் நாங்கள் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் இருந்தோம், நீ கைக்குழந்தை. வருடம் முடிந்ததும் வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து, "ஒப்பந்தம் முடிஞ்சுது, மாசக் கடைசியில விடுங்கோ" என்றார். ஜனவரிக் குளிர். அவர் எங்கட ஆள், வந்த புதிதில் இடம் தந்தவர், எதிர்த்துக் கதைப்பது மரியாதை இல்லை என்று அப்பா சொன்னார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். உடுப்புகளைக் குப்பைப் பைகளில் அடைத்தோம், உன்னை இரண்டு போர்வையில் சுற்றினோம், சித்தி வீட்டு ஹாலில் ஆறு வாரம் படுத்தோம். நீ இரவிரவாக இருமினாய். அந்த இருமல் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிறகு அந்தப் பேஸ்மென்ட்டுக்குக் கூடின வாடகையில் வேறொரு குடும்பம் வந்தது. அடுத்த வருடம் சட்ட உதவி கிளினிக் ஒன்றுக்கு ஒரு அன்ரிக்கு மொழிபெயர்க்கப் போன இடத்தில்தான், நாங்கள் வெளியேறியிருக்கத் தேவையில்லை என்று தெரிந்தது. அன்றைக்கும் சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. எங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சரி, உன் வீட்டுக்காரர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று யோசி. நீ 1,650 டொலர் கட்டுகிறாய். உன் கட்டடம் பழையது, 2018 நவம்பர் 15க்குப் பிறகு வந்த கட்டடங்களுக்கு வாடகை உயர்வு வரம்பிலிருந்து உள்ள விலக்கு அதற்குப் பொருந்தாது. ஆகவே 2026இல் அவர் கூட்டக்கூடியது 2.1 சதவீதம், 35 டொலர்கூட வராது. அதற்கும் 90 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்கவேண்டும். ஆனால் நீ போய்விட்டால் அடுத்த ஆளிடம் விரும்பின வாடகை கேட்கலாம், அதற்கு வரம்பே இல்லை. 2,200க்கு விளம்பரம் போட்டாலும் ஒருவரும் தடுக்க முடியாது. நல்ல மனிதர் என்று நீ சொல்கிறாய். இருக்கட்டும். நல்ல மனிதருக்கும் அந்த 550 டொலர் கண்ணில் படும்.

உண்மையாகவே அவருக்கு வீடு தேவையாக இருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு என்12 என்ற படிவம் இருக்கிறது. அவரோ, அவருடைய மனைவியோ, அவர்களில் ஒருவருடைய பிள்ளையோ பெற்றோரோ, இவர்களைப் பராமரிப்பவரோ குறைந்தது ஒரு வருடம் அங்கே குடியிருக்க வரவேண்டும். தம்பி, மருமகள் எல்லாம் கணக்கில் வராது. 60 நாள் அவகாசமும் ஒரு மாத வாடகை இழப்பீடும் தரவேண்டும். 120 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுத்தால் அந்த இழப்பீடு தேவையில்லை என்று 2025 நவம்பரில் நிறைவேறிய பில் 60 என்ற சட்டம் சொல்கிறது, அதனால் திகதிகளை வடிவாகப் பார். அந்தப் படிவம் வந்தால்கூட அன்றே திறப்பைக் கொடுக்கத் தேவையில்லை. எல்டிபி என்கிற வாடகைச் சபை விசாரித்து உத்தரவு போடவேண்டும், அதன் பிறகும் ஷெரிஃப் ஒருவரால்தான் உன்னை வெளியேற்ற முடியும். பூட்டை மாற்றுவது சட்டவிரோதம். நீ வெளியேறிய பிறகு அவர் வேறு ஆளுக்குக் கூடின வாடகைக்கு விட்டதாகத் தெரிந்தால், ஒரு வருடத்துக்குள் டி5 என்ற படிவத்தில் அந்தச் சபையிடம் முறைப்பாடு போடலாம்.

எனக்குப் பெரிய பயம் என்11 என்ற படிவம்தான். "சும்மா ஒரு கையெழுத்து, இரண்டு பேருக்கும் நல்லது" என்று நீட்டுவார்கள். நீயாக விட்டுப்போகச் சம்மதிக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிற தாள் அது. அதில் கை வைக்காதே. காசு தருகிறேன் என்று சொன்னாலும் முதலில் எனக்குச் சொல்.

வீட்டுக்காரரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்ந்து இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நீ தனி அபார்ட்மென்ட்டில் இருக்கிறாய், அந்தக் கவலை இல்லை.

லீஸ் முடிந்தும் தொடர்ந்து இருக்கிற இந்த உரிமையையே எடுத்துவிடலாமா என்று 2025 அக்டோபரில் மாகாண அரசாங்கம் யோசனை கேட்கப் பார்த்தது. குடியிருப்போர் சத்தம் போட்டார்கள், சில நாளிலேயே கைவிட்டார்கள். அந்த வாரம் அப்பாவும் நானும் எங்கள் எம்பிபியின், அதாவது மாகாண சட்டமன்ற உறுப்பினரின், அலுவலகத்துக்கு போன் எடுத்தோம். 1993இல் வாய் திறக்காத அதே அப்பாதான்.

இப்போது நீ செய்யவேண்டியது கொஞ்சம்தான். வாடகையை ஒரு நாளும் பிந்தாமல் கட்டு, அதில் மட்டும் பிடி கொடுக்காதே. போனில் பேசாமல் ஈமெயிலில் பதில் எழுது: "லீஸ் முடிந்த பிறகு மாதாமாதம் தொடர்ந்து இருப்பேன், நன்றி." மரியாதையாக, இரண்டு வரி. அவருடைய ஈமெயிலை எனக்கும் அனுப்பு. உன் ஊரிலும் இலவச சட்ட கிளினிக் இருக்கும், வெள்ளிக்கிழமை நேரம் எடு. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வியாழன் இரவே பஸ்ஸில் வருகிறேன், மிளகாய்த்தூளும் கொண்டுவருவேன்.

அம்மா